பாரீசில் இப்போது மணி ஒன்பது

காரைக்காலில் ஒரு நிலத் தரகரிடம், உங்கள் வேலை எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று கேட்டால், எந்த ஊர் மணிக்கு என்று திருப்பிக் கேட்பார். சிங்கப்பூரில் காலை 8 மணிக்கு ரயிலில் நின்றுகொண்டே ஒருவர், "தம்பி, அந்தத் திருநள்ளாறு ரோட்டு மனை என்னாச்சு?" என்று கூப்பிடுகிறார். இங்கே அப்போது 5.30, பால்காரர்கூட வந்திருக்க மாட்டார். துபாயில் வேலை முடித்து, குளித்து, அறைக்கூட்டாளிகள் தூங்கின பிறகு 10 மணிக்குக் கூப்பிடுகிறவருக்கு இங்கே 11.30. பாரீசில் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு 9 மணிக்குக் கூப்பிட்டால், அங்கே கோடைக்காலம் என்றால் இங்கே 12.30, குளிர்காலம் என்றால் 1.30. வருடத்துக்கு இரண்டு முறை பிரான்சில் கடிகாரத்தை மாற்றி வைப்பார்கள் என்ற செய்தியைக் காரைக்கால் புரோக்கர்கள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தூக்கம் கெட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

இது ஏன் இந்த ஊருக்கு மட்டும் இப்படி என்பதற்குக் கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டும். காரைக்கால் மாவட்டம் மொத்தமே சுமார் 160 சதுர கிலோமீட்டர்தான். மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். 1739-ல் தஞ்சாவூர் மராட்டியரிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனது. 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது, சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல். அந்த நேரத்தில் விருப்பப்பட்டவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள வழி இருந்தது. அதற்கும் முன்னாலேயே சைகோனுக்குப் பட்டாளத்திலும் ஆபீசிலும் கடையிலும் வேலைக்குப் போன குடும்பங்கள் உண்டு. மரைக்காயர் வீடுகளில் மலேயா, சிங்கப்பூர். பிறகு வளைகுடா. ஆகவே இந்தச் சின்ன ஊரில் ஒரு பழைய வீட்டை விற்க வேண்டுமென்றால், தாத்தா ஒருவர், வாரிசு ஏழு பேர், கண்டம் மூன்று. பழைய பத்திரம் பிரெஞ்சு மொழியில் இருக்கும். பாரீசில் இருக்கும் பேரன் இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி 'பவர்' அனுப்ப வேண்டும். அது இந்தியாவுக்குள் வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். ஒருவர் பவர் வந்து சேரும்போது இன்னொருவர் மனசு மாறியிருப்பார். ஏழு பேரையும் ஒரே வாரத்தில் ஒரே மனசுக்குக் கொண்டுவருகிற வேலையை வக்கீலும் செய்ய மாட்டார், சர்வேயரும் செய்ய மாட்டார். அதைச் செய்கிறவருக்குப் பெயர்தான் புரோக்கர்.

இன்னொன்றும் உண்டு. அயல்நாட்டுக் குடியுரிமை வாங்கி ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்கள் இங்கே வீடு, மனை வாங்கலாம், விவசாய நிலம் வாங்க முடியாது. வெளியிலிருந்து வருகிற பணத்துக்கு வயலாக இருக்கிற வயல் பிரயோஜனப்படாது, அது மனையாக வேண்டும். நெடுங்காடு, கோட்டுச்சேரி, திருநள்ளாறு பக்கம் 'மா' கணக்கில் பேசப்பட்ட நிலம் சதுரஅடிக் கணக்குக்கு மாறியதில் இந்த விதிக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ஒரு குழி 144 சதுர அடி, நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. இந்த வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லத் தெரிந்த கடைசித் தலைமுறை ஒருவேளை விவசாயிகளாக இல்லாமல் புரோக்கர்களாகத்தான் இருப்பார்கள் போல. என்ன ஒரு வேடிக்கை.

என் பெரியம்மா மகன் இந்தத் தொழிலில்தான் இருக்கிறார். பதினெட்டு வருடமாக. அண்ணனுடைய ஒரு நாளைச் சொன்னால் உங்களுக்குச் சலிப்புத் தட்டும், ஏனென்றால் அதில் நடப்பதெல்லாம் நடக்காமல் போகிறவைதான். ஒரு பார்ட்டிக்கு நாலு இடம் காட்டுவார். 'வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்' என்பார்கள். இன்னொரு பார்ட்டிக்கு விலை பிடித்துவிடும், வாஸ்து பிடிக்காது. சனிக்கிழமை திருநள்ளாறு கோயிலுக்கு வருகிற வெளியூர்க் கூட்டத்தில் யாராவது ஒருவர், தரிசனம் முடிந்த கையோடு, 'இங்கயே ஒரு சின்ன இடம் பாத்து வெச்சா என்ன' என்று நினைத்துக்கொள்வார். அவருக்காக சனிக்கிழமை மத்தியானம் வெயிலில் நிற்க வேண்டும். மூடிக் கிடந்த பேரளம்–காரைக்கால் பாதையில் மறுபடி தண்டவாளம் போட ஆரம்பித்ததும் ஆளாளுக்கு ஒரு விலை சொன்னார்கள். அந்த விலைகளில் பாதிக்கு மேல் வாயோடு போயிற்று.

பேசின விலையில் நூற்றுக்கு இரண்டு, சில சமயம் ஒன்று, அதுவும் நாலு பேர் கைமாற்றிக் கொண்டுவந்த பார்ட்டி என்றால் நாலாகப் பிரியும். 30 லட்ச ரூபாய் மனைக்கு இரண்டு சதவீதம் 60 ஆயிரம். நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 15 ஆயிரம். அந்த மனை முடிய ஆறு மாதம் ஆகியிருக்கும். முடியாமல் போன மற்ற இருபது மனைகளுக்கு ஊற்றிய பெட்ரோல் யார் கணக்கு?

இப்போது, 'ரியல் எஸ்டேட் புரோக்கருக்கு மனச்சோர்வாம், பர்ன்-அவுட்டாம்' என்று சொன்னால் நம் ஆட்கள் சிரிப்பார்கள். தமிழில் தரகர் என்கிற சொல்லுக்குக் கொஞ்சம் மரியாதை மிச்சமிருக்கிறது. புரோக்கர் என்றால் அது பாதி வசவு. சினிமாவில் அவனைச் சிரிப்பு நடிகருக்குக் கொடுப்பார்கள். டெல்டாவின் வயலையெல்லாம் கல் நட்டு, கலர்க்கொடி கட்டிக் கூறு போட்டவன், அவனுக்கு ஓய்வு ஒரு கேடா என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். சூழலியல் பற்றி அக்கறையோடு எழுதுகிற நண்பர். கேள்வியை நான் லேசாகத் தள்ளிவிட விரும்பவில்லை. களைப்பு என்பது நல்லவர்களுக்கு மட்டும் உரியதா? ஒருவர் செய்கிற வேலை நமக்குப் பிடிக்கவில்லை என்றால் அவருடைய தூக்கம் மலிவாகிவிடுமா?

பர்ன்-அவுட் என்ற சொல்லே பிறந்த இடம் இதற்கு நேர் எதிரான இடம். நியூயார்க்கில் போதைப் பழக்கத்தில் சிக்கிய இளைஞர்களுக்கான இலவச மருத்துவமனை ஒன்றில் வேலை செய்த ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், தன்னையும் தன்னோடிருந்த தொண்டர்களையும் பார்த்து 1974-ல் இதைப் பற்றி எழுதினார். இலட்சியத்துக்காகத் தன்னைக் கொடுத்தவர்கள் எரிந்து கருகுவதுதான் அவர் பார்த்தது. அதனாலேயே இந்தச் சொல்லில் ஒரு தியாக வாசனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. நர்சுக்கு வரலாம், ஆசிரியைக்கு வரலாம், கமிஷனுக்கு அலைகிறவனுக்கு வந்தால் அது பேராசையின் கூலி. 2019-ல் உலகச் சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் இதைப் பற்றி எழுதும்போது இந்த வாசனையைத் துடைத்துவிட்டது. இது நோய் இல்லை, வேலை சார்ந்த ஒரு நிலை என்றது. மூன்று அடையாளம் சொன்னது: சக்தி வற்றிப் போவது, வேலையிலிருந்து மனசு விலகிப் போவது அல்லது அதைப் பற்றிய கசப்பு, செய்வது எதுவும் சரியாக வரவில்லை என்ற உணர்வு. இந்த மூன்றில் முதலாவதையும் மூன்றாவதையும் நம் எல்லோருக்கும் புரிகிறது. நடுவில் இருக்கிறதே, அந்தக் கசப்பு, அதுதான் என்னை யோசிக்க வைப்பது. அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் காரைக்காலின் பழைய வியாபாரி ஒருவரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆனிப் பௌர்ணமியை ஒட்டி ஊரே கூடி மாம்பழம் வீசுகிற மாங்கனித் திருவிழாவுக்குக் காரணமான கதை உங்களுக்குத் தெரியும். பெரியபுராணத்தில் வருவது. பரமதத்தன் கடையில் இருந்தபடி இரண்டு மாம்பழத்தை வீட்டுக்கு அனுப்புகிறான். புனிதவதி ஒன்றைச் சிவனடியாருக்கு இட்டுவிடுகிறாள். மத்தியானம் பரமதத்தன் சாப்பிட வந்து, ஒரு பழத்தைத் தின்று, ருசியாயிருக்கிறதே என்று இன்னொன்றையும் கேட்கிறான். அங்கே தொடங்குகிறது அற்புதமெல்லாம். இந்தக் கதையில் பக்தியைப் பார்ப்பார்கள், பெண்ணின் துறவைப் பார்ப்பார்கள், இரண்டும் சரிதான். எனக்கு இப்போதெல்லாம் கண்ணில் படுவது வேறு: கப்பல் வணிகம் செய்யும் குடும்பத்து வியாபாரி மத்தியானம் கடையை விட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்து சாப்பிடுகிறான். கதை அதை ஒரு விஷயமாகவே சொல்வதில்லை, அவ்வளவு சாதாரணம். என் அண்ணன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து எத்தனை நாள் ஆயிற்று என்று அண்ணியிடம் கேட்டேன். "தீபாவளிக்கு வந்தாங்க. அப்பவும் இலை முன்னாடி போன் பேசிட்டே இருந்தாங்க" என்றார்.

வேலை நேரம் பற்றி நாட்டில் சத்தம் இல்லாமல் இல்லை. 2023 அக்டோபரில் நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் அதை 90 ஆக்கினார். 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் திருத்தத்தை நிறைவேற்றி, எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று முதலமைச்சர் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். இதே யூனியன் பிரதேசத்தில், புதுச்சேரியில், 1936 ஜூலை 30-ல் பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் போலீஸ் சுட்டு 12 பேர் செத்தார்கள். அவர்கள் கேட்டவற்றில் எட்டு மணி நேர வேலையும் ஒன்று. அந்தப் போராட்டத்தில் எனக்குத் தெரிகிற ஒரு விஷயம்: ஆலைக்கு ஒரு வாசல் இருந்தது, ஒரு சங்கு இருந்தது. சங்கு ஊதினால் வேலை, மறுபடி ஊதினால் வீடு. எதிரில் ஒரு முதலாளி நின்றான். எட்டு மணி நேரம் என்று யாரிடம் கேட்பது என்பதில் குழப்பம் இல்லை. பாரதியார் சாலையில் டீக்கடை வாசலில் பைக்கைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு நிற்கிற புரோக்கருக்கு வாசலும் கிடையாது சங்கும் கிடையாது. அவர் யாரை எதிர்த்து உண்ணாவிரதம் இருப்பார்?

இந்த இடத்தில் பிரான்ஸ் மறுபடியும் வருகிறது. அங்கே 2016-ல் கொண்டுவந்த தொழிலாளர் சட்டத் திருத்தத்தில் 'தொடர்பறுக்கும் உரிமை' என்று ஒன்று சேர்க்கப்பட்டது. 2017 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. 50 பேருக்கு மேல் வேலை செய்கிற நிறுவனங்கள், வேலை நேரத்துக்குப் பிறகு ஊழியர்களை மின்னஞ்சலிலும் போனிலும் தொந்தரவு செய்யாமல் இருப்பது பற்றித் தொழிலாளர் தரப்போடு பேசி முடிவெடுக்க வேண்டும். நல்ல சட்டம். இந்தியாவிலும் 2018 டிசம்பரில் சுப்ரியா சுலே இதே பொருளில் ஒரு தனிநபர் மசோதாவை மக்களவையில் வைத்தார், அது சட்டமாகவில்லை. ஆகவே காட்சி இப்படி: பாரீஸ் புறநகரில் ஒரு காரைக்கால்காரர், தாத்தா காலத்திலிருந்து பிரெஞ்சுக் குடிமகன், மாலை ஆறு மணிக்கு ஆபீசை விட்டு வருகிறார். அவருடைய மேனேஜர் அதற்கு மேல் அவரைக் கூப்பிடத் தயங்குவார். அவர் குளிக்கிறார், சாப்பிடுகிறார், பிள்ளைகளைத் தூங்க வைக்கிறார். அப்புறம் கிடைக்கிற அந்த அமைதியான ஒரு மணி நேரத்தில் ஊரில் இருக்கிற பூர்வீக வீட்டைப் பற்றி நினைப்பு வருகிறது. போனை எடுக்கிறார். சட்டம் அவருக்குக் கொடுத்த ஓய்வு நேரத்திலிருந்துதான் இங்கே ஒருவருடைய தூக்கம் உடைகிறது. அவர் கெட்டவர் இல்லை. 'தூங்கிட்டீங்களாண்ணே?' என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குகிறார். அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று பதில் சொன்ன புரோக்கரை நான் பார்த்ததில்லை.

ஏன் சொல்வதில்லை? பேராசை என்று முடித்துவிடலாம். நான் 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 219-ஆம் பிரிவைப் பார்க்கச் சொல்வேன். தனியாக ஒப்பந்தம் எதுவும் இல்லாத பட்சத்தில், முகவருக்கு அவர் ஏற்ற காரியம் முடிகிறவரை ஊதியம் சேராது என்கிறது அது. நூற்றைம்பது வருடத்துக்கு மேலாக இதுதான் தரகின் அடிப்படை. காரியம் முடிந்தால் கூலி, முடியாவிட்டால் பூஜ்யம். உழைத்த நேரத்துக்கு எங்கேயும் கணக்கு இல்லை. 2016-ன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் முகவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும், பொய் விளம்பரம் செய்யக் கூடாது என்றெல்லாம் சொல்கிறது. வாங்குகிறவரைக் காப்பாற்றுகிற சட்டம் அது, தேவையானதுதான். அலைந்தவனின் நேரத்தைப் பற்றி அதிலும் பேச்சில்லை. இதோடு இந்தத் தொழிலின் பெரிய பயத்தையும் சேர்க்க வேண்டும். பார்ட்டியும் ஓனரும் நேரடியாகப் பேசிக்கொண்டால் இவன் அவுட். 'கட் பண்ணிட்டான்' என்பார்கள். ஓனரின் போன் நம்பரை எந்த நிமிடத்தில் பார்ட்டியிடம் கொடுப்பது என்பது ஒரு கலை. ராத்திரி 12.30-க்கு அடிக்கிற போனை எடுக்காவிட்டால், பாரீஸ்காரர் அடுத்த நம்பரைப் போடுவார். அடுத்த நம்பர் விழித்திருக்கும்.

ஜெர்மனியில் இருக்கும் தத்துவ ஆசிரியர் பியுங்-சுல் ஹான் 2010-ல் எழுதிய சிறு புத்தகம் இந்தச் சோர்வைப் பற்றியதுதான். இணைய இலக்கிய வட்டத்தில் அவர் பெயர் அடிக்கடி அடிபடும். இன்றைய மனிதனை வெளியிலிருந்து யாரும் சுரண்ட வேண்டியதில்லை, 'உன்னால் முடியும்' என்ற கோஷத்தில் மயங்கி அவன் தன்னைத்தானே சுரண்டிக்கொள்கிறான் என்பது அவர் வாதம். பெங்களூரு ஸ்டார்ட்-அப் பையனுக்கு இது பொருந்தலாம். கோட்டுச்சேரி புரோக்கரிடம் இதைச் சொன்னால், 'நான் எங்க மயங்குனேன், தவணை கட்டணுமே' என்பார். அவரிடம் சாதனை வெறி இல்லை. பக்கத்து புரோக்கரைப் பற்றிய பயம் இருக்கிறது, பிள்ளையின் பீஸ் இருக்கிறது. ஹான் சொல்கிற அந்த உள்ளே இருக்கிற முதலாளி இங்கே வெளியேதான் நிற்கிறார், பல நாடுகளில் சிதறி, ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று. யாரும் அவரை முழுதாகச் சுரண்டவில்லை. எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம்.

வேலை–வாழ்க்கைச் சமநிலை என்கிற சொற்றொடரையும் இந்த ஊரில் வைத்துப் பார்த்தால் தடுமாறுகிறது. தராசுக்கு இரண்டு தட்டு வேண்டும். புரோக்கரின் முதலீடே பழக்கம்தான். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, கந்தூரி, மாதா கோயில் தேர் என்று எங்கே நாலு பேர் கூடினாலும் அங்கே நிற்பது அவருடைய வாழ்க்கையா வேலையா? வெளிநாட்டிலிருந்து எல்லா வாரிசும் ஒரே நேரத்தில் ஊருக்கு வருகிற நிகழ்ச்சி ஒன்றே ஒன்றுதான். அது சாவு.

இங்கேதான் நான் சொன்ன அந்த நடு அடையாளம் வருகிறது, கசப்பு. போன வருடம் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். சிறு வயதில் எனக்கும் அண்ணனுக்கும் நீச்சல் கற்றுக்கொடுத்தவர், அரசலாற்றில். செய்தி வந்ததும் அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை: "அஞ்சு வாரிசு. ரெண்டு பேரு அங்க. பாகம் பிரிச்சா முன்பக்கம் மட்டும்தான் போகும்." சொல்லி முடித்துவிட்டுத் தானே திடுக்கிட்டுப் போனார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. மயானம்வரை நடந்தவர், மூன்றாம் நாள் பாலுக்கும் நின்றவர். கண் பழகிவிட்டது, அவ்வளவுதான். பச்சையைப் பார்த்தால் சென்ட், திண்ணையைப் பார்த்தால் ரோட்டு முகப்பு, கிழவரைப் பார்த்தால் உயில். அலுப்பு என்றால் ஒரு வாரம் தூங்கி எழுந்தால் போகும். இந்தப் பார்வை தூக்கத்தில் போகுமா என்று எனக்குச் சந்தேகம். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்சைல்ட் 1983-ல் விமானப் பணிப்பெண்களைப் பற்றி எழுதும்போது, சிரிப்பையே வேலையாகச் செய்கிறவர்களுக்குத் தன் சொந்தச் சிரிப்பு எது என்பதில் குழப்பம் வருவதைக் காட்டினார். புரோக்கர் தன் விசாரிப்பைத் தொழிலாகச் செய்கிறார். 'அம்மா எப்படி இருக்காங்க?' என்று கேட்கும்போது அம்மாவைத்தான் கேட்கிறாரா, அம்மா பெயரில் இருக்கிற மனையைக் கேட்கிறாரா என்று கேட்கப்பட்டவருக்கும் தெரியவில்லை, ஒரு கட்டத்துக்குப் பிறகு கேட்டவருக்கும் தெரியவில்லை.

நண்பரின் கேள்விக்கு என் பதிலின் ஒரு பாதி இதில் இருக்கிறது. மறுபாதி மூன்றாவது ஆளைப் பற்றியது. நிலம் வாங்குவதில் வில்லங்கச் சான்று பார்ப்பது, மூலப்பத்திரத்தை அசலில் கேட்பது, வாரிசுச் சான்றில் விட்டுப்போன மகள் யாராவது இருக்கிறாளா என்று தெருவில் விசாரிப்பது, இதெல்லாம் விழிப்பான மூளைக்கான வேலை. விட்டுப்போகிற வாரிசு பெரும்பாலும் மகள்தான், அதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. கோயில் நிலத்தைப் போலி ஆவணம் வைத்து மனை போட்ட வழக்கில் அரசு அதிகாரியே கைதானதாக 2024-ல் காரைக்கால் செய்திகளில் அடிபட்டது. அப்படிப்பட்ட ஊரில், நாலு ராத்திரி உடைந்த தூக்கத்தோடு ஐந்தாம் நாள் காலையில் ஒருவர் ஜெராக்ஸைப் புரட்டினால் அவர் கண்ணில் எது படும், எது தப்பும்? தப்பினால் போவது புரோக்கரின் பணம் இல்லை. துபாயில் பத்து பேர் தங்கும் அறையில் படுத்து ஒருவர் பதினைந்து வருடம் சேர்த்தது. ஆக, புரோக்கர் தூங்குவது அவருடைய உரிமை என்று பேசுவதை விட, தூங்கிவிட்டு வந்து பத்திரத்தைப் பார்ப்பது அவர் அந்த துபாய்க்காரருக்குப் பட்ட கடன் என்று பேசினால் எனக்கு இன்னும் சரியாகப் படுகிறது. லாரி டிரைவரைத் தூங்கச் சொல்வது டிரைவருக்காக மட்டுமா?

ஆனால் கடமை என்று சொல்லிவிட்டால் அதைச் செய்ய வசதி இருக்கிறதா என்றும் கேட்டாக வேண்டும். நம் மரபில் இதற்குப் பெரிய உதவி இல்லை. திருக்குறளில் மடியின்மைக்கு ஒரு அதிகாரம் இருக்கிறது, அடுத்தாற்போல் ஆள்வினையுடைமைக்கு ஒன்று. ஓய்வுக்கு என்று ஒன்று இல்லை. ஓய்வைப் பற்றி நம்மிடம் இருந்த ஞானம் ஏட்டில் இல்லாமல் வயலில் இருந்தது. சம்பா அறுத்த ஈரத்தில் உளுந்தும் பயறும் தெளிப்பார்கள். அது முடிந்து கோடையில் நிலம் சும்மா கிடக்கும். வெடித்துக் கிடக்கும். மாடு மேயும். கோடை உழவு போட்டு மறுபடி காயப் போடுவார்கள். அந்தச் சும்மா கிடப்பதும் விவசாயத்தில் சேர்த்திதான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. காரைக்கால் கடைமடை. காவிரித் தீர்ப்பில் புதுச்சேரிக்கு என்று ஒதுக்கிய 7 டி.எம்.சி. வந்து சேருகிற வருடமும் உண்டு, வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே இருக்கிற வருடமும் உண்டு. இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் சும்மா கிடந்தால் அந்த வயலுக்குப் பெயர் தரிசு. தரிசு என்று சொன்ன அன்றைக்கே வரப்பில் ஒரு பைக் வந்து நிற்கும். ஓய்வாகக் கிடக்கிற நிலம்தான் முதலில் விலை பேசப்படுகிறது.

சரி, என்னதான் செய்வது? காரைக்காலில் மூன்று பேர் சேர்ந்து ஒன்று செய்து பார்த்தார்கள். என் அண்ணன், ஒரு பாய், மாதா கோயில் வீதியில் ஒருவர். வெள்ளிக்கிழமை மத்தியானம் பாய்க்கு ஜும்மா, ஞாயிறு காலை மற்றவருக்குப் பூசை, திங்கள் முழுக்க அண்ணனுக்கு. ஒருவர் போன் அணைந்திருக்கும்போது அவருடைய பார்ட்டியை மற்ற இருவரில் ஒருவர் பார்ப்பது, கமிஷன் மாறாமல் அவருக்கே போவது. இரவு பத்துக்கு மேல் வெளிநாட்டுப் பேச்சு வாரம் ஒருவருக்கு. மற்ற இருவரும் தூங்கலாம். கமிஷனை நாலாகப் பிரிக்கத் தெரிந்தவர்களுக்கு ராத்திரியை மூன்றாகப் பிரிக்க முடியாதா என்பதுதான் யோசனை. பார்ட்டிகளுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தார்கள், குரல் பதிவாக அனுப்புங்கள், காலையில் பதில் வரும் என்று. பாரீஸ்காரர்கள் இதைச் சுலபமாகப் புரிந்துகொண்டார்கள், அவர்களுக்குப் பழக்கமானதுதானே. சிங்கப்பூர்க்காரர்களுக்குத்தான் கொஞ்சம் வருத்தம். இடம் காட்ட மூன்றாவது முறை வருவதற்கு முன்னூறு ரூபாய் என்றும் வைத்துப் பார்த்தார்கள். சும்மா வேடிக்கை பார்க்கிற பார்ட்டிகள் அதிலேயே கழன்றுகொண்டார்கள்.

எட்டு மாதம் ஓடியது. அண்ணி ஒருநாள் போனில், "உங்க அண்ணன் திங்கக்கிழமை மத்தியானம் வீட்ல இருக்காங்கப்பா, என்ன பண்றதுன்னு தெரியாம பரணையெல்லாம் எறக்கிப் போட்டு அடுக்கிட்டு இருக்காங்க" என்றார். பிறகு ஒரு பெரிய இடம் வந்தது, ரயிலடிப் பக்கம். யார் வாரத்தில் வந்த பார்ட்டி, யாருடைய பார்ட்டி என்று பேச்சு தடித்தது. இப்போது மூவரும் பேசிக்கொள்கிறார்கள், கணக்கு மட்டும் தனித்தனி. பத்து மணிக்குப் போனை அணைக்கிற பழக்கத்தை மூவருமே விடவில்லை. ஐம்பதை நெருங்குகிறவர்கள், கையில் கொஞ்சம் சேர்த்திருக்கிறார்கள், பார்ட்டிகளும் பழைய பார்ட்டிகள். அவர்களால் முடிகிறது.

அணைந்த போனுக்கு வருகிற அழைப்பு எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? அண்ணன் இப்போது ஒரு தம்பியைக் கூட வைத்துக்கொண்டிருக்கிறார். டிப்ளமோ முடித்த பையன், துறைமுகத்தில் ஒப்பந்த வேலை கிடைத்து, அது நின்று, இதற்கு வந்தவன். ராத்திரி வருகிற போனையெல்லாம் அவன்தான் எடுக்கிறான். முடிந்தால் கமிஷனில் கால் பங்கு. அண்ணனிடம், இது சரியா என்று கேட்டேன். "நானும் அப்படித்தான்டா ஆரம்பிச்சேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "மாசம் ஏதாவது நிலையா குடுக்கணும்னுதான் பாக்குறேன்" என்றார். அந்தப் பையனுக்கு வயது 23. பைக்குக்கு இன்னும் பதினான்கு தவணை பாக்கி. பாரீசில் கோடை முடிந்து கடிகாரத்தை மாற்றிவிட்டார்கள் என்று போன வாரம் அவன்தான் எனக்குச் சொன்னான்.